பாடியவர் பெயர் இல்லாத உறை: பழைய ஒலிப்பதிவுகளும் பதிப்புரிமைச் சட்டமும்

ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் நமது தெருக்களில் ஒலிபெருக்கி கட்டப்படும்போது ஒலிக்கும் பாடல்களில் பல, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேசட்டுகளில் பதிவானவை. சில சிறு நிறுவனங்கள் வெளியிட்டவை. சில எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் இயக்கத் தோழர்களே பிரதியெடுத்துக் கைமாற்றிக்கொண்டவை. அச்சு ஊடகங்கள் நமக்கு ஒரு பத்தி இடமும் தராத காலத்தில், படுகொலைகளின் செய்தியும் அம்பேத்கரின் வாழ்வும் உரிமைப் போராட்டங்களின் நினைவும் ஊர் ஊராகப் பரவியது அந்த ஒலிநாடாக்களின் வழியாகத்தான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திற்கு அவை நூலகமாகவும் நாளிதழாகவும் இருந்தன.

அந்த நூலகம் இன்று பரணிலும் தகரப் பெட்டியிலும் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. அதை எண்ணிம வடிவத்திற்கு மாற்றிக் காப்பாற்ற முனையும் மாணவர்களும் தோழர்களும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, 'இதைப் பிரதியெடுக்க நமக்கு உரிமை உண்டா?' என்பது. இணையத்தில் ஏற்றிய பாடல் தானியங்கிச் சோதனையில் சிக்கி நீக்கப்படுவதும், 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் வந்தால் யூடியூப் அலைவரிசையே முடக்கப்படும் நிலையும் பலரைத் தயங்க வைக்கின்றன. இந்தத் தயக்கத்திற்கான காரணங்களில் சில உண்மையானவை. சில வெறும் அச்சம். இரண்டையும் பிரித்தறிவது இன்று அவசர அவசியமாகிறது.

அவசரம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலிநாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தில் சிதைகிறது. நாடாவைவிட வேகமாக அழிவது அதை இயக்கும் கருவியும், அக்கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் ஆகும். 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் இணைந்து 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற திட்டத்தைத் தொடங்கின. 2025 அளவில் காந்த நாடாக்களைத் தொடர்ந்து இயக்கிக் கேட்பது உலகெங்கும் இயலாததாகிவிடும் என்பதே அத்திட்டம் விடுத்த எச்சரிக்கை. ஆனால் அந்த நாடாவின் மீதான சட்ட உரிமை எப்போது முடிகிறது? 1988-இல் வெளியான ஒரு கேசட்டின் ஒலிப்பதிவு உரிமை 2048-ஆம் ஆண்டின் இறுதிவரை நீடிக்கிறது. குரல் மடிந்த பிறகும் அக்குரலின் மீதான உடைமை உயிரோடு இருக்கும் என்பதே இதன் பொருள்.

ஒரு பாடலுக்குள் எத்தனை உரிமைகள்?

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாடலை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. எழுதப்பட்ட வரிகளுக்கு ஓர் உரிமை. மெட்டுக்கு ஓர் உரிமை. இவ்விரண்டும் படைத்தவரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். மூன்றாவது, ஒலிப்பதிவின் உரிமை. அது பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நான்காவது, பாடியவரும் இசைத்தவரும் பெறும் நிகழ்த்துநர் உரிமை. அது நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள்.

1960-இல் வெளியான ஓர் இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு காலாவதியாகிவிட்டது. ஆனால் அதில் உள்ள வரிகளை எழுதியவர் 1980-இல் மறைந்திருந்தால், வரிகளின் உரிமை 2040 இறுதிவரை தொடரும். 'தட்டு பொதுவுடைமை ஆகிவிட்டது' என்று நம்பி வெளியிடுபவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் மேடைதோறும் பாடிய 'மனுசங்கடா' பாடலை எடுத்துக்கொள்வோம். இருவரும் 2016-இல் மறைந்தனர். அப்பாடல் வரிகளின் உரிமை 2076 இறுதிவரை கவிஞரின் வாரிசுகளைச் சார்ந்தது. அதன் ஒவ்வொரு பதிவுக்கும் அதனதன் ஆண்டுக்கேற்பத் தனித்தனி முடிவுநாள் உண்டு. ஒரே பாடல்தான், காலண்டர்கள் பல.

இயக்கப் பாடல்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நமது பாடகர்கள் பலர் மக்கள் ஏற்கெனவே அறிந்த திரைப்பாடல் மெட்டில் புதிய வரிகளைப் பொருத்திப் பாடினர். ஒரே மாலையில் ஊர் முழுவதும் பாட்டைக் கற்றுக்கொள்வதற்கு அது தேர்ந்த வழி. ஆனால் இணையத் தளங்களின் தானியங்கி ஒப்பீட்டுக் கருவி கேட்பது மெட்டை மட்டுமே. வரிகளின் அரசியலை அது அறியாது. நாட்டுப்புற மெட்டில் அமைந்த பாடலின் நிலை வேறு. தலைமுறைகளாக வழங்கிவரும் ஒப்பாரிக்கோ தாலாட்டுக்கோ சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் இல்லை. அம்மெட்டைத் திரைப்படத்தில் பயன்படுத்துபவர் மட்டும் தமது ஆக்கத்துக்கு உரிமை கொண்டாட முடியும். எல்லோருக்கும் சொந்தமானதை எடுத்துச் சிலர் தமதாக்கிக்கொள்ள வழிவிடும் சட்டம், அதைக் காத்துவந்தவர்களுக்கு ஒரு நன்றிச் சொல்லையும் கட்டாயமாக்கவில்லை.

சட்டம் யாரைப் 'படைப்பாளி' என்கிறது?

ஒலிப்பதிவின் 'ஆக்கியோன்' யார் என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை, தயாரிப்பாளர் என்பது. பதிவு செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் மேற்கொண்டவரே தயாரிப்பாளர் என்கிறது அதன் வரையறை. பாடியவர் அல்லர், பறை அடித்தவர் அல்லர், மூலதனத்தைக் கொண்டுவந்தவர். 1977-இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருப்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார். அக்குறை நீங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. நிகழ்த்துநர் உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், 1995 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதன் காலம் 25 ஆண்டுகள். 1999-இல் அது 50 ஆக உயர்ந்தது. அதாவது, நமது கேசட் இயக்கம் செழித்திருந்த 1980-களில் மேடையேறிய பாடகருக்கு, தம் குரலின் மீது சட்டம் தந்த உரிமை எதுவும் இல்லை.

இன்னொரு விதியைப் பாருங்கள். 1984-இல் சேர்க்கப்பட்ட 52அ பிரிவு, வெளியிடப்படும் ஒவ்வொரு ஒலிப்பதிவின் உறையிலும் சில விவரங்கள் அச்சிடப்பட வேண்டும் என்கிறது. பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் அதில் இருக்க வேண்டும். பாடியவர் பெயர் அப்பட்டியலில் இல்லை. பறை, உறுமி, தவில், நாயனம் இசைத்தவர் பெயரும் இல்லை. திருட்டுப் பதிப்பைத் தடுக்க வந்த விதி அது என்பதை நாம் அறிவோம். ஆயினும் உடைமையின் முகவரியைக் கேட்கும் சட்டம் உழைப்பின் பெயரைக் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்காமல் கடக்க முடியாது. 'பறை: குழுவினர்' என்று ஒரு சொல்லில் முடிந்துபோன உறைகள் இந்த அமைதியின் விளைவுகளே.

இசைத்தட்டு என்னும் பொருளே இந்தக் கதையைச் சொல்கிறது. 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கிய வணிக ஒலிப்பதிவு, அடுத்த அரை நூற்றாண்டுக்கு நம்பியிருந்த மூலப்பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் அரக்குப் பூச்சிகளை வளர்த்து, கிளைகளிலிருந்து அரக்கைச் சுரண்டிச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் சோட்டா நாக்பூர் வட்டாரத்துப் பழங்குடி மக்கள். அவர்கள் சேகரித்த அரக்கின் மீது யார் யாருடைய குரல்களோ பொறிக்கப்பட்டன. அவர்களுடைய குரல் அதில் அரிதாகவே பொறிக்கப்பட்டது.

சம்கீலாவும் சாலமன் லிண்டாவும்

பஞ்சாபின் அமர் சிங் சம்கீலா ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து, ஆலைத் தொழிலாளியாக இருந்து, 1980-களில் அம்மாநிலத்தின் மிகப் பெரிய மேடைப் பாடகராக உயர்ந்தவர். தம் பாடல்களைத் தாமே எழுதினார். அவருடைய பதிவுகளை எச்.எம்.வி. வெளியிட்டது. 1988 மார்ச் 8 அன்று அவரும் அவருடன் பாடிய அவர் மனைவி அமர்ஜோத்தும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் எழுதிய வரிகளின் பதிப்புரிமை 2048 இறுதிவரை நீடிக்கிறது. எச்.எம்.வி. என்று நாம் அறிந்த நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. 2017-இல் அது பழைய பாடல்களை நிரப்பி விற்கத் தொடங்கிய 'கார்வான்' பெட்டி, பழைய ஒலிப்பதிவு என்பது செத்த சரக்கு அன்று, பெரும் சந்தை என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது. மீட்டெடுத்துத் துலக்கப்பட்ட பழைய குரல்கள் பணம் ஈட்டும்போது, அக்குரலுக்கு உரியவரின் குடும்பம் அக்கணக்கில் எங்கே இருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியைக் கேட்டு வென்றவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜூலுப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் தம் குழுவினருடன் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். அதன் உரிமையைப் பதிவு நிறுவனம் 10 ஷில்லிங்குக்குப் பெற்றுக்கொண்டதாகக் கூறப்படுகிறது. அம்மெட்டு பின்னர் அமெரிக்காவில் வேறு பெயர்களில் புகழ்பெற்று, 1994-இல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' திரைப்படம் வரை சென்றது. லிண்டா 1962-இல் வறுமையில் மறைந்தார். 2004-இல் அவருடைய மகள்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டபோது, வழக்கறிஞர்கள் தூசு தட்டி எடுத்தது 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு விதி. படைப்பாளி தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவ்விதி. 2006-இல் வழக்கு சமரசத்தில் முடிந்து, குடும்பத்திற்கு இழப்பீடும் வருங்கால ராயல்டியும் கிடைத்தன. ஆள்பவர் எழுதிய சட்டத்திலும் ஆளப்படுபவர் பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு இருக்கக்கூடும். அதைத் தேடிப் படிப்பவர் வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

நம் சட்டத்தில் உள்ள விளிம்புகள்

முதலாவது, பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து வடிவில் கையொப்பத்துடன் இருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு. சிறு கேசட் நிறுவனங்களின் பல பதிவுகள் வாய்ப்பேச்சிலும், கையில் கொடுத்த சில நூறு ரூபாயிலும் நடந்தேறியவை. நிறுவனத்தின் ஊழியராக இல்லாத ஒரு கவிஞர் எழுத்துப்பூர்வமாக எதையும் எழுதிக்கொடுக்கவில்லை என்றால், ஒலிப்பதிவு நிறுவனத்திற்குச் சொந்தமாக இருக்கலாம்; ஆனால் வரிகள் கவிஞருடையவையே. 1995-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை எனில் அது ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். எனவே 'எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தாளைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாடல்களின் கவிஞரும் இசையமைப்பாளரும், ராயல்டியில் தமக்குரிய சமபங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. கட்டாயத்தின் பேரில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு எதிரான பாதுகாப்பு இது. பாடகரின் நிகழ்ச்சி வணிக நோக்கில் பயன்படுத்தப்பட்டால் அவருக்கும் ராயல்டி உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது.

மூன்றாவது, பிரதியெடுக்கும் உரிமை. சொந்தப் பயன்பாட்டுக்காகவும் ஆய்வுக்காகவும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதும், அதற்காக மின்னணு வடிவில் சேமிப்பதும் உரிமை மீறல் ஆகா. வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம். எனவே கேசட்டை எண்ணிமமாக்கி வைப்பதற்கும் அதை இணையத்தில் வெளியிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். முன்னதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பின்னதற்கு உரிமம் வேண்டும். வெளியிட முடியாது என்பதற்காகப் பிரதியெடுக்காமல் நாடாவை அழியவிடுவது, சட்டத்திற்கு அஞ்சிச் சட்டம் தந்த உரிமையையும் கைவிடுவதாகும்.

மூடப்பட்ட கதவு

வெளியிட விரும்புபவர் யாரிடம் உரிமம் கேட்பது? நிறுவனம் மூடப்பட்டிருக்கும், உரிமையாளர் இறந்திருப்பார், உறையில் உள்ள முகவரியில் இன்று வேறு கடை இருக்கும். இத்தகைய 'அநாதைப் படைப்பு'களுக்காகச் சட்டத்தின் 31அ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமையாளரைக் கண்டறிய முடியாதபோது கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்; நிர்ணயிக்கப்படும் ராயல்டியை அரசின் கணக்கில் செலுத்திவிட்டு வெளியிடலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்ப் பாட்டு, தமிழ் பாடிய தொண்டை, தமிழ்நாட்டுச் சிறு நகரத்தின் கேசட் கடை. அதன் வாரிசைத் தேடும் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில்! மொழிபெயர்ப்பை வெளியிடுவதாக இருந்தால் மட்டுமே அந்த மொழியின் நாளிதழிலும் அறிவிப்பு தேவை. அந்த அறிவிப்பை அவ்வாரிசு படிக்கப்போவதில்லை. விளம்பரக் கட்டணத்தை ஒரு மாணவர் குழுவால் கட்டவும் இயலாது. 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பின், இவ்விண்ணப்பம் வணிக நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பத்துக் கேசட்டுகளை மீட்க விரும்பும் ஓர் ஊர்ப் படிப்பகத்திற்கு அந்த வாசல் திறந்திருந்தும் மூடியதே.

நூல்களுக்கு இருக்கும் பாதுகாப்பும் ஒலிக்கு இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஒலிப்பதிவுகளுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் அச்சட்டத்தில் இல்லை. எழுத்தை அறிவாகவும் ஒலியைப் பொழுதுபோக்காகவும் கருதிய ஒரு மனநிலை அதில் உறைந்திருக்கிறது. வாய்மொழியையே ஆவணமாகக் கொண்ட மக்களுக்கு அதனால் நேர்ந்த இழப்பு மற்றவர்களுக்கு நேர்ந்ததைவிடப் பெரிது.

துலக்குவதும் துடைப்பதும்

மீட்டெடுப்பு என்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. கீறல் ஒலியை நீக்கும் மென்பொருள், திடீரென எழுந்து அடங்கும் கூர்மையான ஒலிகளைத் தேடி அழிக்கிறது. பறையின் அடியும் அத்தகைய கூர்மையான ஒலியே. கவனமின்றி இயக்கினால் கருவி பறையைக் கீறல் என்று எண்ணி மழுக்கிவிடும். பின்னணி இரைச்சலை நீக்குகிறோம் என்று கூட்டத்தின் முழக்கத்தையும், பாடகர் பாட்டுக்கிடையே சொன்ன ஊர்ப் பெயரையும் நீக்கிவிட்டால், எஞ்சுவது பாட்டு, போய்விடுவது வரலாறு. ஆகவே எந்தத் திருத்தமும் செய்யாத மூலப்பிரதி ஒன்றை முதலில் எடுத்து வைப்பது கட்டாயம். ஒலிக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் 24 பிட் ஆழத்தில் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், இயன்றால் 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் அப்பிரதியை எடுக்கப் பரிந்துரைக்கிறது. துலக்கும் வேலை எதுவாயினும் அதன் நகலில்தான் நடக்க வேண்டும்.

துலக்கியவருக்குப் புதிய உடைமை பிறக்கிறதா? நூல்கள் தொடர்பான ஒரு வழக்கில் 2007-இல் உச்சநீதிமன்றம், வெறும் உழைப்பும் முதலீடும் போதா, குறைந்தபட்சப் படைப்பாற்றலாவது வேண்டும் என்று கூறியது. அதே அளவுகோல் ஒலிக்கும் பொருந்த வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. தூசு துடைத்தவர் கூலிக்கு உரியவர். அறுபது ஆண்டு உடைமைக்கு அல்லர்.

பொது என்பது இலவசம் அன்று

இங்கே நமக்குள்ளேயே ஒரு முரண் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆவணங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறோம். கலைஞருக்கு உரிய ஊதியம் வேண்டும் என்றும் கேட்கிறோம். 2017-இல் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவதற்கு அனுமதி வேண்டும் என்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் உள்ளிட்டோருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது எழுந்த கேலியை நினைத்துப் பாருங்கள். சட்டப்படி அவர் கோரிக்கையின் எல்லை எது என்பது விவாதத்திற்குரியது. ஆனால் நிறுவனங்கள் உரிமை கேட்டால் வணிகம், பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் கேட்டால் பேராசை என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? கலையை ஊர்க் கடமையாகவும் கூலியைப் பிச்சையாகவும் பழக்கிய அமைப்பிலிருந்து வந்தது அது. சாவுக்கு அடிக்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க மாட்டோம் என்ற பழைய ஆணையின் புதிய குரல் அது. 'மக்கள் சொத்து' என்ற நம் முழக்கம் அந்த ஆணைக்கு இன்னொரு பெயராகிவிடக் கூடாது.

எனவே நாம் முன்வைப்பவை இவை. கேசட் வைத்திருக்கும் தோழர்கள் இப்போதே பிரதியெடுங்கள், மூலநாடாவை எறியாதீர்கள். பாடியவர், எழுதியவர், பறை அடித்தவர், பதிவான ஊர், ஆண்டு ஆகியவற்றை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாத பகுதி அதுவே. வெளியிடுவதற்கு முன் கலைஞரையோ குடும்பத்தையோ நேரில் சந்தித்து எழுத்துப்பூர்வமாக உரிமம் பெறுங்கள். வருவாய் வந்தால் பங்கு எவ்வளவு என்பதையும், வராவிட்டாலும் பெயர் இடம்பெறும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கைகள் நான்கு. 31அ அறிவிப்பு படைப்பின் மொழியிலேயே வெளியாக வேண்டும். வணிக நோக்கற்ற காப்பகங்களுக்கு நீதிமன்றம் செல்லாத எளிய நடைமுறை வேண்டும். ஒலிப்பதிவுகளுக்கும் பொது நூலகங்களில் படி அளிக்கும் கட்டாயம் வேண்டும். உறையில் இருக்க வேண்டிய விவரங்களில் பாடியவரின் பெயரும் இசைத்த ஒவ்வொருவரின் பெயரும் சேர்க்கப்பட வேண்டும்.

சட்டம் திருந்தக் காலம் ஆகலாம். நாடா அதுவரை காத்திருக்காது. பரணில் உள்ள பெட்டியை இறக்குவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.